கழுவச் சுலபமான ஏர்பிரஷ் எது? மூன்றைப் பிரித்துப் பார்த்த குறிப்பு

ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு மெல்லிய கோடு போடும் என்று. மாடல் பெயின்ட் அடிப்பவருக்கு அது இரண்டாவது கேள்வியாக இருந்தால் போதும். 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) அளவு மாடல் விமானத்துக்கு அரை மணி நேரம் பெயின்ட் அடித்துவிட்டு இருபது நிமிடம் கழுவ வேண்டியிருந்தால், அடுத்த வாரம் அந்தப் பெட்டியைத் திறக்க மனசு வராது. அலமாரியில் தூங்கும் ஏர்பிரஷ்களில் பாதிக்கு மேல் பழுதானவை அல்ல. ஒருநாள் சரியாகக் கழுவாமல் வைத்து, பெயின்ட் உள்ளேயே இறுகிப்போனவை.

அதனால் இந்தப் பதிவில் ஒரே அளவுகோல்தான். கப்பில் ஊற்றிய பெயின்ட் நாசில் என்ற குட்டி முனைவாய் வழியாக வெளியே போகும்வரை எங்கெங்கே ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, அந்த இடத்தை ஸ்பேனர் இல்லாமல் எட்ட முடியுமா?

மேசையில் இருந்தவை மூன்று. ஒன்று, 130 என்ற எண்ணோடு பல பெயர்களில் விற்கும் சீன பிரஷ். 0.3 மி.மீ. நாசில், மரை போட்ட வகை. இரண்டு, ஜப்பானின் ஐவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ். 0.35 மி.மீ., மரை இல்லாமல் சும்மா உட்காரும் நாசில். மூன்று, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன். 0.4 மி.மீ., இதிலும் நாசிலுக்கு மரை இல்லை, கப்பும் தனியாகக் கழன்று வரும். மூன்றுமே டபுள் ஆக்‌ஷன்: லீவரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் நாசிலை அடைத்திருக்கும் ஊசி விலகிப் பெயின்ட். மூன்றுமே மேலே கப் உள்ள கிராவிட்டி வகை. பாட்டில் அடியில் தொங்கும் சைஃபன் வகையைச் சேர்க்கவில்லை. அதற்கு உறிஞ்சு குழாய், பாட்டில் மூடி, மூடியின் காற்று ஓட்டை என்று கழுவ மூன்று இடம் கூடுதல். காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும். அடிமட்டத்தில் தங்கும் பெயின்ட் வேறு வீண்.

சோதனை எளிமையானது. டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-1 மேட் கறுப்பு பெயின்ட், அதை நீர்க்கவைக்கும் எக்ஸ்-20ஏ தின்னர், சரிக்குச் சரி. கப்பில் 10 சொட்டு, 20 பிஎஸ்ஐ அழுத்தம். அடித்து முடித்ததும் பத்து நிமிடம் அப்படியே வைத்து, பிறகு தின்னர் ஊற்றி அடித்து, அடுத்து எக்ஸ்எஃப்-2 மேட் வெள்ளை. வெள்ளை காகிதத்தில் சாம்பல் சாயல் தெரிந்தால் கறுப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு முழுதாகக் கழற்றி, ஈரமான காட்டன் பட் வைத்து ஒவ்வோர் இடமாகத் துடைத்துப் பார்ப்பது.

கறுப்பு எங்கே ஒளிந்திருந்தது

130-இல் முதல் குற்றவாளி, கப்பின் அடி. கப் சரிந்து வந்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் படி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, பல்குச்சியின் முனையை வைத்து இழுத்தால் தட்டும். ஊசி அந்தப் படியின் மேலாகப் போவதால், மேலிருந்து பிரஷ் விட்டுத் தேய்த்தாலும் ஊசிக்குக் கீழே உள்ள பெயின்ட் அசையாது. ஊசியை உருவினால்தான் அங்கே போக முடியும்.

இரண்டாவது, நாசிலின் மரை. நாசில் உடலுக்குள் திருகி உட்காருகிறது அல்லவா, அந்த மரைச் சுற்றுகளுக்குள் பெயின்ட் ஏறி உலர்கிறது. அடுத்தமுறை கழற்றும்போது அதுதான் கோந்து மாதிரி பிடிக்கும். குட்டி ஸ்பேனரைப் போட்டு வலிந்து திருகினால் நாசிலின் கழுத்து முறிந்து, மரைத் துண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிடும். 130 வகையில் நடக்கும் விபத்துகளில் முதலிடம் இதற்குத்தான்.

எக்லிப்ஸில் கப்பும் உடலும் ஒரே துண்டாக, வழவழப்பாக இறங்குகின்றன. கப் பெரியது, விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைக்கலாம். முன்பக்கத் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றினால் நாசில் உள்ளங்கையில் விழுகிறது. கறுப்பு மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்: நாசிலின் பின்பக்கக் கூம்பு, உடலைத் தொடும் விளிம்பு.

எவல்யூஷனில் நாசிலைக் கழற்ற இதைவிடவும் குறைந்த நேரமே பிடிக்கிறது. முன்தலையைத் திருகினால் நாசில் வந்துவிடும். நடுவில் உட்காரவைக்கத் தனி வித்தை எதுவும் வேண்டாம், தானே நடுவுக்கு வந்துவிடும். ஆனால் கழற்றும் கப்புக்கு ஒரு விலை உண்டு. கப்பும் உடலும் சேரும் மூட்டில் கறுப்பு வளையம் ஒன்று தங்கியிருந்தது. கப் கழன்று வருவது வசதி என்று எல்லாரும் சொல்வார்கள். கழற்றித் துடைத்தால் வசதி, கழற்றாமல் விட்டால் அதுவே இன்னொரு மூலை.

மூன்றுக்கும் பொதுவான இடம் ஒன்று உண்டு. கப்புக்குப் பின்னால், லீவருக்கு முன்னால், ஊசி நுழைந்து வரும் பேக்கிங். பெயின்ட் பின்பக்கம் கசியாமல் தடுப்பது இதுதான். கப் நிறைய ஊற்றியவர், பிரஷ்ஷைப் பின்பக்கம் சாய்த்து வைத்தவர், கழுவும்போது தின்னரைத் தாராளமாக விட்டவர் எல்லாருக்கும் பேக்கிங் வாயில் ஒரு கறை இருக்கும். இது டெஃப்லானாக இருந்தால் எந்தத் தின்னருக்கும் அசையாது. ரப்பராக இருந்தால் லாக்கர் தின்னர் போன்ற கடுமையான கரைப்பானிலும் அசிட்டோனிலும் ஊறி உப்பிவிடும். உப்பினால் ஊசியை இறுக்கிப் பிடிக்கும், லீவர் திரும்பி வராது. மலிவு வகைகளில் எது போட்டிருக்கிறார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்காது. விற்பவரிடம் கேளுங்கள், தெரியாது என்றால் ரப்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு நிமிடம்

ஆன்லைனில் வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை இது. ஊசியை உருவிவிட்டு, போன் டார்ச்சைக் கப்புக்குள் நேராக அடியுங்கள். கப்பின் சுவர் வளைந்து இறங்கி ஒரே ஓட்டையில் முடிய வேண்டும். அடியில் நிழல் வளையம் தெரிந்தால் அங்கே படி இருக்கிறது. முன்பக்க நாசிலைக் கழற்றி, அதே ஓட்டையை முன்னாலிருந்தும் பாருங்கள், வெளிச்சம் தெரிய வேண்டும். துளையிட்ட பிசிறு சுவரில் நீட்டிக்கொண்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தப் பிசிறில் பெயின்ட் ஒட்டுவதை நிறுத்த முடியாது.

பிறகு முன்மூடி. ஊசிமுனையைச் சுற்றி மூடியவாறு வளையமாக இருப்பதைவிட, கிரீடம்போல இடைவெளி விட்டுப் பல் பல்லாக இருக்கும் மூடி நல்லது. அடிக்கும் நடுவிலேயே தின்னர் தொட்ட காட்டன் பட்டால் முனையைத் துடைக்கலாம். சேலம் வெயிலில் இது ஆடம்பரம் அல்ல. ஏன் என்று பின்னால் வருகிறது.

கைப்பிடியின் பின்பக்கம் வெட்டிவிட்டிருந்தால், கழற்றாமலேயே ஊசியின் பிடி நட்டைத் தொட்டு ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுக்கலாம். அடைத்துக்கொண்டால் ஊசியை இழுத்து ஒருமுறை ஊதிவிட இது உதவும்.

நாசில் அளவில் மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். 0.2 மி.மீ. என்றால் ஓட்டை கண்ணுக்கே தெரியாது, சரியாக அரைக்காத நிறமி ஒன்று வந்தாலும் அடைக்கும். 0.35 முதல் 0.4 வரை இருந்தால் 1/72 முதல் 1/35 வரை எல்லா வேலையும் நடக்கும். பிரைமர் மட்டும் அடிக்க 0.5. அமெரிக்காவின் பேட்ஜர் பேட்ரியாட் 105 இந்த 0.5 வகைதான். கப் உடலோடு ஒட்டியது, நாசிலுக்கு மரை கிடையாது, முரட்டுத்தனமாகக் கழுவினாலும் தாங்கும். மெல்லிய கோடு தேவையில்லாதவருக்கு, முழுக்கப் பெரிய பரப்பாக அடிப்பவருக்கு, அது நல்ல தேர்வு. பாஷே எச் வகையில் பெயின்டும் காற்றும் வெளியே கலப்பதால் கழுவுவது எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் சிங்கிள் ஆக்‌ஷன், தூவல் கரடுமுரடு. பிரைமரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிறம் மாற்றும்போது: மூன்று சிறிய கழுவல்

கப் நிறையத் தின்னர் ஊற்றி ஒரே தடவையில் அடித்துவிட்டால் கழுவியாகிவிட்டது என்று நினைப்பது பொதுவான தவறு. கணக்கைப் பாருங்கள். உள்ளே 0.1 மி.லி. பெயின்ட் மிச்சம் என்று வையுங்கள். 0.9 மி.லி. தின்னர் ஊற்றிக் கலக்கி, மறுபடி 0.1 மிச்சம் வரும்வரை வெளியேற்றினால், மிஞ்சியதில் பெயின்ட் பத்தில் ஒரு பங்கு. இதையே மூன்று தடவை செய்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே 2.7 மி.லி. தின்னரை மொத்தமாக ஒரே தடவையில் ஊற்றினால் இருபத்தெட்டில் ஒரு பங்குதான். செலவு ஒன்றே, பலன் வேறு. அரிசி களையும்போது ஒரே குண்டான் தண்ணீரில் களைவதில்லையே, அதே கதைதான்.

செய்முறை இது. கப்பில் மிஞ்சியதைக் கவிழ்த்துத் துணியில் ஒற்றுங்கள். 15 சொட்டு தின்னர் விட்டு, முடி கொட்டாத பழைய பிரஷ்ஷால் கப் சுவரையும் ஊசி மேற்புறத்தையும் தேய்த்து, அதையும் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். இந்த முதல் அழுக்கு நாசில் வழியாகப் போகவே கூடாது. பிறகு 15 சொட்டு விட்டு 20 பிஎஸ்ஐயில் அடித்து வெளியேற்றுங்கள். மூன்றாவது 15 சொட்டை, லீவரைப் பின்னால் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, துடிப்பாக அடியுங்கள். ஒரே சீராக அடிப்பதைவிட இப்படி அடித்தால் நாசிலின் உட்சுவரில் ஒட்டியது உதிரும். கடைசியில் முன்மூடியின் உட்பக்கத்தை ஒரு காட்டன் பட்டால் துடைத்தால் போதும். அடுத்த நிறம் இருட்டிலிருந்து வெளிச்சமாக மாறினால் மட்டும் ஊசியையும் உருவித் துடைக்க வேண்டும். மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகிறவர் உருவ வேண்டாம்.

முன்மூடியைத் துணியால் பொத்திக் கப்புக்குள் குமிழி விடும் பழக்கம் பலருக்கு உண்டு. 20 பிஎஸ்ஐயில் அதைச் செய்தால் பெயின்ட் பேக்கிங் தாண்டிப் பின்னால் போகும். செய்தே ஆக வேண்டும் என்றால் 8 பிஎஸ்ஐக்கு இறக்கி, கப்பில் பாதிக்குக் கீழே தின்னர் வைத்து, மூடி போட்டுச் செய்யுங்கள்.

தெறிக்கும் தின்னரை வாங்க ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மூடியில் பிரஷ் முனை நுழையும் அளவு ஒரு ஓட்டை, காற்று வெளியேற இன்னொரு ஓட்டை, அதில் பஞ்சு அடைத்துவிடுங்கள். எல்லாமே எரியும் சரக்கு. பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது. லாக்கர் அடிக்கும்போது துணி மாஸ்க் தூசிக்குக்கூட முழுதாக உதவாது, கரைப்பான் ஆவிக்கு கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க்தான் வேண்டும்.

இறுகிப்போன 130-ஐ மீட்டது

சோதனைக்கு எடுத்த 130-க்கு முன்பே ஒரு சரித்திரம் உண்டு. துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் உள்ளேயே உலர்ந்து, லீவரை இழுத்தால் ஊசியே அசையாத நிலை. அதை மீட்ட வரிசை கீழே.

முதலில் ஊசியை இழுக்கக் கூடாது. உலர்ந்த பெயின்ட் ஊசியோடு சேர்ந்து பேக்கிங்கைக் கிழித்துக்கொண்டு வரும். கப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நிரப்பி, முன்னால் மூடி போட்டு, மூக்குக் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு டம்ளரில் இரவு முழுக்கச் சாய்த்து வைக்க வேண்டும். முழு பிரஷ்ஷையும் தின்னரில் முக்குவது தவறு. கீழே காற்று வால்வில் உள்ள ஓ ரிங் ரப்பர், ஊறினால் காற்று நிற்காமல் கசியும்.

மறுநாள், பின் கைப்பிடியைக் கழற்றி, ஊசிப் பிடி நட்டைத் தளர்த்தி, ஊசியை விரலால் உருட்டிக்கொண்டே பின்னால் எடுக்க வேண்டும். நேராக இழுக்காமல் உருட்டினால் ஒட்டியது விடும். விரலுக்கு வழுக்கினால், மெல்லிய ரப்பர் கையுறைத் துண்டால் பிடித்தால் வரும். பிளையர் போட்டால் ஊசியில் தழும்பு விழும், அந்தத் தழும்பு பேக்கிங்கை ஒவ்வொரு தடவையும் அறுக்கும்.

நாசிலுக்கு வருவோம். ஸ்பேனரை வைத்ததும் திருகிவிடாதீர்கள். முன்பக்கத்தை ஒரு சொட்டுத் தின்னரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றி, பிறகு மெல்லத் திருகுங்கள். ஹேர் டிரையரை எடுக்கும் முன் தின்னரை முழுதாகத் துடைத்து ஆவி போகவிடுங்கள். ஒரு சிறு ‘டிக்’ கேட்டு மரை விட வேண்டும். விடவில்லை என்றால் மறுபடி ஊறல்தான், வலிமை அல்ல.

கழன்றதும் நாசிலுக்குள் குத்தப் பலரும் தேடுவது குண்டூசி. அதுதான் நாசிலுக்கு எமன். வாய் வட்டம் ஒருபக்கம் விரிந்தால் தூவல் அந்தப் பக்கமே சாய்ந்து அடிக்கும், திருத்த வழியே இல்லை. மரப் பல்குச்சியைத் தின்னரில் நனைத்து, நாசிலின் பின்பக்கமாக விட்டு, அழுத்தாமல் சுற்றுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி, துணி வெள்ளையாக வரும்வரை. கப்புக்கும் நாசிலுக்கும் இடைப்பட்ட ஓட்டைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பல் இடுக்கு பிரஷ், மிகச் சன்னமானது, சரியாக நுழையும். காபி ஃபில்டர் அடைத்தால் ஓட்டையை ஊசியால் குத்திப் பெரிதாக்க மாட்டோம். தட்டி, ஊறவைத்து, ஊதுவோம். இதிலும் அந்தப் பொறுமை வேண்டும்.

நகைக்கடையில் கொலுசு கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி வீட்டில் உள்ளவர்கள் நாசிலையும் முன்மூடியையும் மட்டும் அதில் போடலாம். தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து. தின்னரையோ ஆல்கஹாலையோ நேரடியாகத் தொட்டியில் ஊற்றினால் தீ விபத்துக்கு வழி. ஊசியைப் போடவே வேண்டாம், முனை ஆடி ஆடித் தட்டும். மலிவு வகைகளில் முலாம் சுமாராகப் போட்டிருப்பார்கள், நீண்ட நேரம் வைத்தால் உரிந்துவரும்.

ஊசிமுனை வளைந்திருக்கிறதா என்று கண்ணால் தெரியாது. கண்ணாடித் தகட்டில் ஊசியை முனை மட்டும் படும்படி சாய்த்து உருட்டுங்கள். வெளிச்சம் முனையோடு நடனம் ஆடினால் வளைவு. நகத்தால் முனையின் மேலாக ஓட்டினால் கொக்கி மாட்டும். சின்ன வளைவை, கண்ணாடிமேல் ஊசியை உருட்டிக்கொண்டே விரல் நுனியால் அழுத்தினால் நேராகும். மிச்சச் சொரசொரப்பை 2000 எண் வாட்டர் பேப்பரில் உருட்டி, பிடியிலிருந்து முனையை நோக்கித் துடைக்க வேண்டும். முனையிலிருந்து பிடியை நோக்கி இழுத்தால் இன்னொரு கொக்கி உருவாகும்.

திரும்பப் பூட்டும்போது நாசிலை விரலால் உட்காரவைத்து, ஸ்பேனரால் கால் சுற்றுக்கும் குறைவாக மட்டும் இறுக்க வேண்டும். மரையில் கடுகளவு தேன்மெழுகு தடவினால் காற்றுக் கசிவும் நிற்கும், அடுத்தமுறை கழற்றவும் சுலபம். ஏற்காட்டில் மலைத்தேன் விற்பவரிடம் கேட்டால் ஒரு துண்டு மெழுகு கிடைக்கலாம். பூட்டிய பிறகு கப்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றை மட்டும் அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை அல்லது கழுத்தில் விரிசல். குமிழி இல்லாமல் லீவர் இழுக்காமலே தண்ணீர் தெளித்தால் ஊசி முன்வரை போகவில்லை, பிடி நட்டைத் தளர்த்தி ஊசியை மெல்லத் தள்ளி இறுக்குங்கள். லீவர் பகுதியில் ஈரம் தெரிந்தால் பேக்கிங் தளர்ந்திருக்கிறது. பேக்கிங் திருகை இறுக்கும்போது ஊசியை நுழைத்து வைத்துக்கொண்டே இறுக்க வேண்டும், ஊசி லேசாக உராயத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். லீவரின் பிஸ்டனுக்கு ஒரு பொட்டு மெஷின் ஆயில். ஊசி போகும் பாதையில் எண்ணெய் பட்டால் பெயின்ட் மேற்பரப்பில் மீன்கண்போல வட்டம் வட்டமாக விலகும்.

நாசில் உள்ளே முறிந்தே போனால்? நான்கு பட்டையாகக் கூம்பும் சின்ன அரத்தின் பின்முனையை முறிந்த மரைத் துண்டுக்குள் லேசாகச் செருகி, அழுத்தியபடி இடதுபுறம் திருப்புங்கள். கடிப்பு விழுந்தால் துண்டு சுழன்று வரும். சுத்தியலால் தட்டினால் உடலின் மரை போய்விடும், அதோடு பிரஷ்ஷும் போகும்.

சேலமும் ஏற்காடும்

இரண்டும் ஒரே மாவட்டம், 30 கிலோமீட்டர் தூரம், ஆனால் ஏர்பிரஷ்ஷுக்கு இரண்டு நாடு.

சேலத்தில் ஏப்ரல், மே பகலில் 38 டிகிரியைத் தாண்டும். பெயின்ட் வாயைத் தாண்டி வெளியே வரும்முன்பே ஊசிமுனையில் உலர்கிறது. முதலில் தூவல் சன்னமாகும், பிறகு திடீரென்று ஒரு கட்டி விழும். இதை நாசில் அடைப்பு என்று நினைத்துக் கழற்றிக் கழற்றிக் கழுவுவார்கள். முனையை மட்டும் துடைத்தால் தீர்ந்தது. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தின்னர் தொட்ட காட்டன் பட்டால் ஒற்றி எடுங்கள், கிரீட மூடியின் பலன் இப்போது தெரியும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் 5 முதல் 10 சதவீதம் சேர்ப்பதும், அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி நெருக்கமாக அடிப்பதும் உதவும். காலை ஏழு மணிக்கு அடிப்பது எல்லா ரசாயனத்தையும்விட மேல்.

இங்கே இன்னொரு தொந்தரவு தண்ணீர். போர் தண்ணீரில் நாசிலைக் கழுவிக் காயவைத்தால், கெட்டில் அடியில் படியும் அதே வெள்ளைப் படலம் வாய்க்குள்ளும் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கி வைத்தால் ஆண்டு முழுக்கக் கடைசிக் கழுவலுக்குப் போதும்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். முனையில் உலர்வது மிகக் குறைவு, கழுவ அவகாசம் நிறையக் கிடைக்கும். ஆனால் காற்றில் ஈரம். பனி இறங்கிய நாளில் கம்ப்ரசர் ஓடினால் டாங்கில் தண்ணீர் தேங்கும், குழாயில் வந்து நடுவேலையில் ஒரு சொட்டுத் துப்பும். டாங்க் வால்வை ஒவ்வொரு நாளும் திறந்து வடித்துவிடுங்கள். தண்ணீர்ப் பிடிப்பானைக் கம்ப்ரசர் வாயில் மாட்டினால் சூடான காற்றில் ஈரம் ஆவியாகவே தாண்டிப்போகும். குழாய்வழி ஆறிய பிறகு, பிரஷ் பக்கமாக இன்னொன்று மாட்டினால்தான் பிடிக்கும். லாக்கர் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப் போவதும் இந்த ஈரத்தால்தான். மெதுவாக உலரும் லெவலிங் தின்னர் கலந்தால் குறையும், பனி விலகும்வரை காத்திருந்தால் போய்விடும்.

மலைக்கு ஏர்பிரஷ்ஷைக் கொண்டுபோகிறவர்கள் ஊசியைக் கழற்றி ஸ்ட்ராவில் செருகிக் கொண்டுபோவது நல்லது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது பெட்டிக்குள் இருக்கும் ஊசியிலும் ஒரு வளைவு சேர்ந்திருக்கக் கூடாது.

பெயின்டைப் பொறுத்த கழுவல்

டாமியா அக்ரிலிக் ஆல்கஹாலில் கரைவது. எக்ஸ்-20ஏவும் ஐசோபுரொப்பைலும் இரண்டுமே எடுக்கும். வயேஹோ மாடல் ஏர் என்ற நீர் அக்ரிலிக் அப்படியல்ல. அதில் ஆல்கஹால் பட்டால் ரப்பர் நூல்போலத் திரியும், நாசிலுக்குள் அப்படித் திரிந்தால் முழுப் பிரிப்புதான். அதற்கு அதன் சொந்தக் கிளீனர் அல்லது டிஸ்டில்டு வாட்டரால் முதல் மூன்று கழுவல், எல்லாப் பெயின்டும் போன பிறகே ஆல்கஹால். டாமியாவும் வயேஹோவும் ஒரே நாளில் மாற்றி மாற்றி அடிப்பவர்கள் நடுவில் தண்ணீர்க் கழுவல் ஒன்று கட்டாயம் போடுங்கள். லாக்கர் பெயின்டுக்கு ஹார்டுவேர் கடை என்சி தின்னர் கழுவ மட்டும் போதும். பெயின்டோடு கலக்க அது வேண்டாம்.

கைவினைக் கடை அக்ரிலிக்கை நீர்த்து அடிப்பவர்கள், ஊற்றும் முன் பழைய நைலான் சாக்ஸ் துண்டில் வடிகட்டாமல் ஊற்றினால், எந்த நாசிலும் சுலபமாகக் கழுவும் நாசில் இல்லை.

எதை வாங்கலாம்

பணம் இருந்தால் எக்லிப்ஸ். அடிக்கடி நிறம் மாற்றுகிறவர், சின்னச் சின்னக் கலவையாக 2 மி.லி.க்குள் வேலை முடிப்பவர் எவல்யூஷன். பழக, பிள்ளைகளுக்குக் கொடுக்க 130. ஆனால் 130 வாங்கும் அன்றே இரண்டு உபரி நாசிலும் ஒரு ஊசியும் சேர்த்து வாங்குங்கள். ஐவாட்டாவின் ஒரு நாசில் விலையில் ஏறக்குறைய ஒரு முழு 130 வந்துவிடும் என்பதும் உண்மை. ஐவாட்டா நாசிலை ஒழுங்காகக் கழுவினால் மாற்றவே வேண்டாம் என்பதும் உண்மை.

குழாய் மரை பார்த்து வாங்குங்கள். ஐவாட்டாவும் 130-உம் 1/8 அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை). பேட்ஜருக்கும் பாஷேக்கும் வேறு மரை, அடாப்டர் இல்லாமல் மாட்டாது. மாட்டாததை மாட்ட முயன்று டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாலும் கசியும்.

கழற்றும் வேலையை வாஷ் பேசின்மேல் செய்யவே செய்யாதீர்கள். 0.3 மி.மீ. நாசில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தரையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, நாசில் கழன்றதும் அதைத் தட்டில் போடாமல் ஒரு குட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்த திருகைத் தொட வேண்டும்.